வன்முறையை அறிதலும் தடுத்தலும்: கார்டிஃப் நகரத்து அனுபவம்



கொலை, கொடுங்காயம், அடிதடி ஆகிய குற்றங்களைப் பற்றிப் பேசத் தொடங்கினால் நம்முடைய எண்ணம் தானாகவே நீதிமன்றத்தின் பக்கம் திரும்பிவிடுகிறது. செய்தவன் யார், அவனுக்கு என்ன தண்டனை, அந்தத் தண்டனை போதுமா என்ற கேள்விகளிலேயே விவாதம் தொடங்கி, அவற்றிலேயே முடிந்தும் போகிறது. இக்கேள்விகள் அவசியமானவை, குற்றவாளிக்குத் தண்டனை கிடைக்காத ஊரில் எளியவர்கள் நிம்மதியாக உறங்க முடியாது. எனினும், தீர்ப்பு வாசிக்கப்படும் நாளில் வெட்டுண்ட விரல் வந்து ஒட்டிக்கொள்வதில்லை. போன பார்வை திரும்புவதில்லை. மகனைப் பறிகொடுத்த தாய்க்கு மகன் கிடைப்பதில்லை. ஆகவே, அந்த வெட்டே விழாமல் தடுத்திருக்க முடியுமா, முடியுமென்றால் அதற்கு யார் எதைத் தெரிந்துகொண்டிருக்க வேண்டும் என்ற கேள்வியைத்தான் இன்று மாலை உங்கள் முன் வைக்க விரும்புகிறேன். இதற்கு மிகத் தெளிவான விடை தந்ததாக நான் கருதுவது, வேல்ஸ் நாட்டின் தலைநகரான கார்டிஃபில் ஓர் அறுவை மருத்துவர் தொடங்கிவைத்த முயற்சியாகும். அதைச் சற்று விரிவாகவே சொல்லப்போகிறேன்.

அதற்கு முன் இரண்டு பெரியவர்களை நினைவுகூர வேண்டும். பிரான்சு அரசாங்கம் 1827ஆம் ஆண்டு முதல் தன் நாட்டு நீதிமன்றங்களுக்கு வந்த குற்றங்களின் தொகையை வருடந்தோறும் அச்சிட்டு வெளியிடத் தொடங்கியபோது, பெல்ஜிய தேசத்து வானசாஸ்திரியான அடோல்ஃப் கெட்லே அந்த அறிக்கைகளைக் கையில் எடுத்துக்கொண்டு, கிரகங்களின் போக்கைக் கணிப்பவர் எவ்வளவு பொறுமையோடு கணிப்பாரோ அவ்வளவு பொறுமையோடு ஆராய்ந்தார். மனிதனின் ஆத்திரத்தைப்போல முன்கூட்டிச் சொல்ல முடியாத வஸ்து வேறில்லை என்று நம்பியிருந்த அக்காலத்தில், கொலைகளின் தொகை ஆண்டுக்கு ஆண்டு அதிகம் மாறாமல் இருப்பதையும், துப்பாக்கியால் இத்தனை, கத்தியால் இத்தனை, தடியால் இத்தனை என்ற விகிதம்கூட ஏறக்குறைய அப்படியே திரும்ப வருவதையும் அவர் எடுத்துக்காட்டினார். 1835இல் வெளிவந்த அவருடைய நூல் ஐரோப்பிய அறிஞர்களைக் கலங்கச் செய்தது. மனிதனுக்கு சுதந்திர சித்தம் உண்டா என்ற தத்துவ விசாரத்தில் அவர்கள் இறங்கிவிட்டார்கள். அந்த விசாரம் இன்றும் முடியவில்லை. அதை நாம் தத்துவ ஆசிரியர்களுக்கே விட்டுவிடலாம். நமக்கு வேண்டியது அவருடைய கண்டுபிடிப்பிலுள்ள நம்பிக்கையான பகுதி. ஒழுங்கோடு நிகழ்வது எதுவோ அதற்குக் காரணங்கள் உண்டு. காரணங்கள் உள்ளவற்றில் சிலவற்றையேனும் மனித முயற்சியால் மாற்ற முடியும்.

மற்றொருவர், அமெரிக்காவிலுள்ள பிலடெல்பியா நகரத்துக் குற்றவியல் அறிஞர் மார்வின் வுல்ஃப்காங். அந்நகரில் 1948 முதல் 1952 வரை கொலையுண்ட 588 பேரின் போலீஸ் கோப்புகளை ஒன்றுவிடாமல் படித்து, 1958இல் ஒரு நூல் எழுதினார். கொன்றவரும் கொல்லப்பட்டவரும் பெரும்பாலும் முன்பே அறிமுகமானவர்கள், மூன்றில் ஏறக்குறைய இரண்டு சம்பவங்களில் இருவரில் ஒருவரேனும் மது அருந்தியிருந்தார், வார இறுதி இரவுகளில்தான் மரணங்கள் குவிகின்றன, 150 சம்பவங்களில் முதலில் கை ஓங்கியவரே இறுதியில் உயிரிழந்தவர் என்றெல்லாம் அந்த நூலிலிருந்து தெரியவந்தது. கொலைகாரன் என்றாலே இருட்டில் பதுங்கியிருக்கும் அந்நியன் என்று எண்ணிக்கொண்டிருந்தவர்களுக்கு, சனிக்கிழமை இரவில் பழகிய இருவருக்கிடையே ஒரு வாய்ச்சண்டை முற்றுவதுதான் கொலையின் சாதாரண வடிவம் என்பதை அவர் காட்டிக்கொடுத்தார்.

ஆனால் வுல்ஃப்காங்குக்கு ஒரு வசதி இருந்தது. கொலை பெரும்பாலும் காவல்துறையின் கண்ணுக்குத் தப்புவதில்லை. பிரேதம் கிடைத்தால் கோப்பு திறக்கப்படுகிறது. உயிர் போகாத காயங்களின் கதை அப்படியல்ல. யாராவது வந்து புகார் கொடுத்தால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை. ஒவ்வொரு கொலைக்கும் பின்னால் அதே விதமாகத் தொடங்கி, ஓர் அங்குலம் விலகியதால் உயிர் பிழைத்த எத்தனையோ காயங்கள் இருக்கின்றன. அவற்றை எண்ணியவர் யார்?

இந்த இடத்தில்தான் நான் முதலில் குறிப்பிட்ட அறுவை மருத்துவரான ஜானதன் ஷெப்பர்டு வருகிறார். அவர் குற்றவியல் படித்தவரல்லர். வாய், தாடை, முகம் ஆகியவற்றுக்கு அறுவைச் சிகிச்சை செய்யும் நிபுணர். அடிதடியில் அதிகமாகக் காயம்படுவது முகமே. குத்து விழுவதும் முகத்தில், உடைந்த கண்ணாடி கிழிப்பதும் முகத்தில். ஆகவே, ஒரு நகரத்தின் வன்முறையெல்லாம் அவருடைய அறுவை மேசைக்கு வந்து சேர்ந்தது. உடைந்த தாடைக்குத் தகடு வைத்துத் திருகாணி பூட்டுவது, கன்ன எலும்பைத் தூக்கி நிறுத்துவது, உதட்டிலிருந்து காது வரை பிளந்த சதையை மெல்லிய நூலால் தைப்பது ஆகியவை அவருக்கு வார முடிவுதோறும் வந்த வேலை. 1980களில் பிரிஸ்டல் நகரத்தில் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தபோது, மருத்துவமனைக்கு அடிபட்டு வந்தவர்களின் பட்டியலையும் காவல் நிலையத்து ஏடுகளையும் பக்கம் பக்கமாக வைத்து ஒப்பிட்டுப் பார்த்தார். மருத்துவமனையில் சிகிச்சை பெறும் அளவுக்குக் காயம் ஏற்படுத்திய சம்பவங்களில் காவல்துறை ஏட்டில் ஏறியிருந்தவை ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கே.

இது எப்படி நேர்ந்தது? காவலர்களின் அசிரத்தையால் மட்டும் நேர்ந்ததன்று. அடிபட்டவன் புகார் கொடுப்பதில்லை. மறுபடியும் வந்து அடிப்பார்கள் என்ற பயம் ஒருவனுக்கு. அடித்தவன் யாரென்றே தெரியாது, சொல்லி என்ன பயன் என்ற சலிப்பு மற்றொருவனுக்கு. விசாரணை தொடங்கினால் தான் செய்ததும் வெளியே வருமே என்ற தயக்கம் வேறொருவனுக்கு. அடித்தவனோடு ஒரே வீட்டில் வாழ வேண்டியவளுக்கோ இவை எல்லாவற்றையும்விடப் பெரிய காரணங்கள். ஆனால் வலி பொறுக்க முடியாதபோது எல்லோரும் வந்து சேரும் இடம் மருத்துவமனை. காவல் நிலையத்தின் வாசலை மிதிக்காதவன் அவசர சிகிச்சைப் பிரிவின் வாசலை மிதிக்காமல் இருக்க முடியாது. ஊரிலே நிகழும் வன்முறையின் உண்மையான அளவு, அதைத் தடுக்கும் பொறுப்புடையவர்களிடம் இல்லாமல், அதற்குக் கட்டுப்போடுகிறவர்களிடம் இருந்தது. கட்டுப்போடுகிறவர்களோ அதைத் தடுப்பது தங்கள் வேலை என்று நினைக்கவில்லை.

ஷெப்பர்டு கார்டிஃப் நகரத்து மருத்துவப் பேராசிரியராக வந்தபின், 1990களின் இரண்டாம் பாதியில், மருத்துவர்கள், காவல் அதிகாரிகள், நகராட்சியினர் ஆகியோர் ஒரே மேசையில் அமரும் வன்முறைத் தடுப்புக் குழு ஒன்று உருவாயிற்று. அவர்கள் செய்த ஏற்பாட்டைக் கேட்டால், இவ்வளவுதானா என்று உங்களுக்குத் தோன்றும். அவசர சிகிச்சைப் பிரிவில் நோயாளியின் பெயரையும் முகவரியையும் பதிந்துகொள்ளும் எழுத்தர், அடிபட்டு வந்தவரிடம் கூடுதலாகச் சில கேள்விகள் கேட்பார். சம்பவம் எந்த இடத்தில் நடந்தது? தெருவின் பெயர் மட்டும் போதாது. எந்த மதுக்கூடம், எந்தப் பேருந்து நிறுத்தம், எந்தப் பள்ளிக்கூடத்து வாசல்? எந்த நாள், எத்தனை மணிக்கு? கையாலா, காலாலா, கத்தியாலா, கண்ணாடியாலா? தாக்கியவர்கள் எத்தனை பேர்? பதில்கள் கணினியில் ஏறும். பெயர், முகவரி முதலிய அடையாளங்கள் யாவும் நீக்கப்பட்டபின், அவை காவல்துறையின் ஆய்வாளரிடம் போய், அவர்களுடைய சொந்தத் தகவல்களோடு சேர்க்கப்பட்டு, ஊரின் வரைபடத்தில் புள்ளிகளாக மாறும். யார் அடித்தார் என்ற கேள்வி அந்தப் பட்டியலிலேயே இல்லை என்பதைக் கவனியுங்கள். மருத்துவன் நோயாளியின் ரகசியத்தைக் காட்டிக்கொடுப்பதா என்ற நியாயமான ஆட்சேபத்துக்கு இந்த ஏற்பாட்டிலேயே சமாதானம் அடங்கியிருந்தது. நோயாளியின் அந்தரங்கம் மருத்துவமனையை விட்டு வெளியேறவில்லை. இடமும் நேரமும் ஆயுதமும் மட்டுமே வெளியேறின.

புள்ளிகள் ஊரெங்கும் சமமாக விழவில்லை. சில தெருக்களில், சில வாசல்களில், நள்ளிரவையொட்டிய சில மணி நேரங்களில் அவை ஒன்றின்மேல் ஒன்றாக விழுந்தன. அதைப் பார்த்தபின் காவல்துறை தன் ரோந்துப் பாதையை மாற்றிக்கொண்டது. வார இறுதி இரவுகளில் புறநகரிலிருந்த காவலர்களை நகர மையத்துக்கு வரவழைத்தது. கண்காணிப்புக் கேமராக்கள் வேண்டிய இடத்துக்குத் திரும்பின. மதுக்கூடங்கள் நெருங்கியிருந்த புனித மேரித் தெருவில், கூட்டம் நடைபாதையில் இடித்துக்கொண்டு நிற்காதபடி, வாகனங்கள் தடுக்கப்பட்டு நடப்பவர்களுக்கு வழி விடப்பட்டது. மதுக்கூடத்துக்கு உரிமம் வழங்கும் விசாரணையில், உங்கள் கடைக்குள் இத்தனை பேர் இத்தனை மணிக்கு இன்ன பொருளால் காயம்பட்டிருக்கிறார்கள் என்ற கணக்கு வைக்கப்பட்டது. மருத்துவர்களே அந்த ஆலோசனைகளுக்கு நேரில் போய் உட்கார்ந்தார்கள். உரிமையாளரிடம் காவலர் பேசுவது ஒரு விதம். சென்ற சனிக்கிழமை உங்கள் கடையிலிருந்து வந்தவருடைய முகத்தைத் தைத்தவன் நான் என்று ஒரு மருத்துவர் பேசுவது முற்றிலும் வேறு விதம்.

இனி, கண்ணாடித் தம்ளரின் கதைக்கு வருகிறேன். இதில் சற்று நின்று நிதானித்துப் பார்க்க வேண்டிய ஒரு பாடம் இருக்கிறது. பிரிட்டனில் பீர் அருந்துவதற்குப் பயன்படும் பெரிய தம்ளர் சாதாரணக் கண்ணாடியால் ஆனதாக இருந்தால், உடையும்போது நீண்ட கூரிய சில்லுகளாக உடைகிறது. சண்டையில் அதை உடைத்து முகத்தில் குத்தினால் வரும் காயம் ஆயுள் முழுவதும் அழியாத தழும்பை விடுகிறது. கண்ணில் பட்டால் பார்வை போகிறது. வெப்பத்தால் கடினமாக்கப்பட்ட கண்ணாடியோ உடையும்போது சிறு சிறு கட்டிகளாக நொறுங்கிவிடும். அப்படியானால் எல்லாக் கடைகளிலும் கடினக் கண்ணாடித் தம்ளரை வைத்துவிடலாமே என்பது எவருக்கும் தோன்றும் யோசனைதான். ஷெப்பர்டும் அவருடைய சகாவும் அந்த யோசனையோடு நின்றுவிடவில்லை. புது மருந்தைப் பரீட்சிக்கும் முறையில், ஐம்பதுக்கு மேற்பட்ட மதுக்கூடங்களைத் திருவுளச் சீட்டுப் போட்டதுபோல் இரு பகுதியாகப் பிரித்து, ஒரு பகுதிக்குக் கடினக் கண்ணாடித் தம்ளர்களையும் மறுபகுதிக்குச் சாதாரணத் தம்ளர்களையும் கொடுத்து, அங்கு வேலை செய்யும் ஊழியர்களுக்கு ஏற்படும் காயங்களை எண்ணினார்கள். முடிவு எதிர்பார்த்ததற்கு நேர்மாறாக வந்தது. கடினக் கண்ணாடி வைத்த கடைகளிலேயே ஊழியர்களுக்குக் காயம் அதிகம். ஏனென்று பரிசோதித்தபோது, கடினமாக்கப்பட்டவை என்று விற்கப்பட்ட அந்தத் தம்ளர்கள் மோதலைத் தாங்கும் வலிமையில் குறைந்தவையாக இருந்தன. 2000ஆம் ஆண்டில் அந்த முடிவை அவர்கள் ஒளிக்காமல் வெளியிட்டு, தம்ளர்களின் வலிமையைச் சோதித்துத் தரம் நிர்ணயிக்க வேண்டுமென்று கோரினார்கள்.

இந்த நேர்மையே என்னை மிகவும் கவர்ந்த விஷயம். குற்றத்தைத் தடுப்பதாகச் சொல்லிக்கொண்டு அரசுகளும் ஸ்தாபனங்களும் செய்கிற காரியங்கள் எத்தனையோ உண்டு. அவற்றுள் பலனளித்தவை எவை, பலனளிக்காதவை எவை, கேடு விளைத்தவை எவை என்று எண்ணிப் பார்த்தவை மிகச் சிலவே. நல்லெண்ணத்தோடு செய்த காரியம் ஒருவரைக் காயப்படுத்திவிடலாம் என்ற பயம் மருத்துவனுக்குத் தொழிலோடு கூடவே பிறக்கிறது. அந்தப் பயம் குற்றத் தடுப்பில் ஈடுபடும் ஒவ்வொருவருக்கும் வேண்டும்.

எண்ணிப் பார்க்காவிட்டால் நம் ஊகங்கள் எவ்வளவு தூரம் தவறிப்போகும் என்பதற்கு இன்னோர் உதாரணமும் கார்டிஃபிலிருந்தே கிடைக்கிறது. ரக்பி ஆட்டம் வேல்ஸ் மக்களின் உயிர். தேசிய அணி தோற்ற நாளில் ஏமாற்றத்தால் அடிதடி மிகும் என்றுதான் நாம் நினைப்போம். அவசர சிகிச்சைப் பிரிவின் கணக்கோ, வேல்ஸ் வென்ற நாட்களில்தான் காயம்பட்டு வந்தவர்கள் அதிகம் என்று காட்டியது. துக்கத்தைவிடக் கொண்டாட்டமே அங்கு முகங்களை அதிகமாக உடைத்தது.

இத்தனை பிரயாசைக்கும் பலன் என்ன என்று நீங்கள் கேட்க வேண்டும். 2011இல் பிரிட்டிஷ் மருத்துவ சஞ்சிகையில் வெளிவந்த ஆய்வு, கார்டிஃபை அதையொத்த வேறு 14 நகரங்களோடு ஒப்பிட்டது. தாக்குதலால் காயம்பட்டு மருத்துவமனையில் அனுமதிக்கப்பட்டவர்கள், ஒரு லட்சம் மக்கள்தொகைக்கு மாதந்தோறும் 7 பேராக இருந்தது, கார்டிஃபில் 5 ஆகக் குறைந்தது. அதே காலத்தில் மற்ற நகரங்களில் 5ஆக இருந்தது 8ஆக உயர்ந்தது. இரண்டையும் பொருத்திக் கணித்தால் கார்டிஃபின் நிலை 42 சதவீதம் மேம்பட்டதாகிறது. காவல்துறை ஏட்டில் பதிவான காயக் குற்றங்கள் கார்டிஃபிலும் உயர்ந்தனதான்: அதே மாதக் கணக்கில் 54இலிருந்து 82. மற்ற நகரங்களிலோ அவை 54இலிருந்து 114 ஆயின. சிறு அடிதடிப் பதிவுகள் மட்டும் கார்டிஃபில் உயர்ந்தன, மற்ற இடங்களில் குறைந்தன. காவலர் உரிய இடத்தில் உரிய நேரத்தில் நின்றதால், கைகலப்பு காயமாக முற்றுமுன் அவர்கள் தலையிட்டார்கள் என்பதே இதற்கு ஆய்வாளர்கள் கூறும் விளக்கம். எனக்கும் அதுவே பொருத்தமாகப் படுகிறது. இது சீட்டுப் போட்டுப் பிரித்த பரீட்சையன்று, ஒரே ஒரு நகரத்தின் அனுபவம் என்பதையும் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். ஆனால் இதற்கு ஆன செலவு மிகச் சொற்பம். செலவிட்ட ஒவ்வொரு பவுனுக்கும் சமூகத்துக்கு மிச்சமானது 82 பவுன் என்று பின்னர் கணக்கிட்டிருக்கிறார்கள்.

தெருவிலும் மதுக்கூடத்திலும் நடப்பதற்கு இந்த வழி பொருந்தும். வீட்டுக்குள் நடப்பதற்கு? வரைபடத்தில் ஒரு வீட்டின்மேல் புள்ளி விழுந்தால் அங்கே ரோந்து அனுப்பி என்ன பயன்? கணவனால் அடிபடும் பெண்ணின் விஷயத்தில் பெயரை நீக்கிவிட்டால் அவளைக் காப்பாற்றவே முடியாது. இதையும் கார்டிஃப் யோசித்தது. உயிராபத்துக்கு உள்ளான பெண்களைக் குறித்துக் காவல்துறை, மருத்துவமனை, வீட்டுவசதித் துறை, பெண்களுக்குத் துணைநிற்கும் அமைப்புகள் ஆகியவை ஒன்றுகூடி, ஒவ்வொரு பெண்ணின் நிலைமையையும் தனித்தனியே எடுத்துப் பேசி, இவருக்குப் பூட்டு மாற்றித் தருவது யார், தங்க இடம் தருவது யார், அடிப்பவனைக் கவனிப்பது யார் என்று முடிவுசெய்யும் கூட்டங்கள் அங்கே 2003இல்தான் முதலில் தொடங்கின; பிற்பாடு அவை பிரிட்டன் முழுவதும் பரவின. ஒரே ஊர், ஒரு வன்முறைக்குப் பெயரை மறைத்தும் மற்றொரு வன்முறைக்குப் பெயரைப் பாதுகாப்பாகப் பகிர்ந்தும் செயல்பட்டது. எல்லா வன்முறைக்கும் ஒரே மருந்து என்று சொல்லுகிறவர்களை நம்பாதீர்கள்.

2008ஆம் ஆண்டு குற்றவியலுக்கான ஸ்டாக்ஹோம் பரிசு ஷெப்பர்டுக்கு வழங்கப்பட்டது. அதைப் பகிர்ந்துகொண்டவர், ஏழை இளந்தாய்மார்களின் வீடுகளுக்குக் கர்ப்பகாலத்திலிருந்தே செவிலியர்களை அனுப்பி, அந்தக் குழந்தைகள் வளர்ந்தபின் குற்றங்களில் சிக்குவது குறைந்ததைக் கண்ட அமெரிக்கரான டேவிட் ஓல்ட்ஸ். காவலர் எவருமே அந்த மேடையில் பரிசு பெறவில்லை; ஒருவர் அறுவை மருத்துவர், மற்றவர் செவிலியரைக் கொண்டு வேலை செய்தவர். கார்டிஃபின் முறை இன்று நெதர்லாந்து, ஆஸ்திரேலியா, அமெரிக்கா ஆகிய தேசங்களுக்கும் சென்றிருக்கிறது.

நம் ஊருக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். நம்முடைய அரசு மருத்துவமனைகளின் அவசர சிகிச்சைப் பிரிவில் விபத்துப் பதிவேடு ஒன்று இருப்பதை இங்கேயுள்ள மருத்துவர்கள் அறிவார்கள், பேச்சுவழக்கில் ஏ.ஆர். என்று சொல்லுகிறோம். இரவு இத்தனை மணியளவில், இன்ன தெருவில், தெரிந்த மூன்று நபர்கள் அரிவாளால் வெட்டியதாகச் சொல்லப்படுகிறது என்று பணி மருத்துவர் அதில் எழுதிவைக்கிறார். இடம், நேரம், ஆயுதம், தாக்கியவர்களின் எண்ணிக்கை என்று கார்டிஃப் புதிதாகக் கேட்கத் தொடங்கிய கேள்விகள் யாவும் அந்த ஒரு வரியில் அடங்கியிருக்கின்றன. அந்த வரி வழக்குக்காக எழுதப்படுகிறது. காவல் நிலையத்துக்குத் தகவலாகவும் பின்னர் நீதிமன்றத்துக்குச் சான்றாகவும் போகிறது. குறுக்கு விசாரணையில் வழக்கறிஞர் கேட்கக்கூடும் என்ற எண்ணத்தோடுதான் பல மருத்துவர்கள் அதை எழுதுகிறார்கள். நூறு ஏடுகளில் நூறு வழக்குகளாகப் பிரிந்து கிடக்கும் அந்த வரிகளைச் சேர்த்துவைத்துப் படித்தால், ஒரு நகரத்தின் ஆபத்தான தெருமுனையும் ஆபத்தான மணிநேரமும் கண்முன் வந்து நிற்கும்.

மருத்துவ மாணவர்களே, நாளை நீங்கள் இரவுப் பணியில் அந்த ஏட்டின் முன் அமர்வீர்கள். கையெழுத்து புரியும்படியும், தெருவின் பெயரை விடாமலும், நேரத்தைக் கேட்டு உறுதிசெய்தும் எழுதுங்கள். மாதக் கடைசியில், பெயர்களையும் முகவரிகளையும் நீக்கிவிட்டு, இடம், நேரம், ஆயுதம் மூன்றையும் ஒரே தாளில் தொகுத்து, உங்கள் மருத்துவமனைத் தலைவரின் அனுமதியோடு மாவட்ட ஆட்சியருக்கும் காவல் கண்காணிப்பாளருக்கும் அனுப்புங்கள். காவல் அதிகாரிகளே, அந்தத் தாள் வந்தால் அதைக் கோப்பில் சேர்த்துவிடாமல், அதை எழுதிய மருத்துவரை அழைத்து எதிரில் உட்காரவைத்துப் பேசுங்கள்.